பச்சை அட்டைக் கையெழுத்து

ஜனவரி 15, ஞாயிறு

இந்த நோட்டு மேட்ச் எழுதுவதற்காக வாங்கியது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். எந்த ஊர், எந்த டீம், யார் ஜெயித்தது, நான் எத்தனை கோல். பட்டுக்கோட்டை வீட்டில் ஏழு நோட்டு கிடக்கிறது. இது எட்டாவது. இதில் மேட்ச் எதுவும் வராது. கிளம்புகிற அன்று அம்மா என் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, "சிங்கப்பூர்ல பந்தத் தொட மாட்டேன்னு சொல்லு. இருபத்திமூணு வயசு வரைக்கும் அந்தப் பந்துதான் உன்ன உருப்படாமப் பண்ணுச்சு" என்றாள். சொன்னேன். தலையில் கை வைத்த பிறகு வேறென்ன சொல்வது?

ஆகவே இளம்பரிதி ஆகிய நான் இனிமேல் இதில் என்னைப் பற்றி எழுதப்போகிறேன். கோல் போடாதவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறதோ, தெரியவில்லை.

வந்து நான்கு நாள். அறையில் பன்னிரண்டு பேர். எனக்கு மேல்கட்டில். இன்று பொங்கல். ரைஸ் குக்கரில் வைத்தார்கள். பொங்குவதற்குள் குக்கர் டக்கென்று அணைந்துவிட்டது. அதற்காக விடுவோமா? "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினோம். தீப்பிடித்துவிட்டது என்று பக்கத்து அறை பங்களாதேஷ்காரர்கள் வாளியில் தண்ணீரோடு ஓடிவந்தார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு கரண்டி கொடுத்தோம்.

ஜனவரி 18, புதன்

உடம்பில் வலிக்காத இடம் காது மட்டும்தான்.

பன்னிரண்டு மாடி அடுக்குவீடு கட்டுகிறோம். விடிவதற்கு முன்னால் லாரி. மதியச் சாப்பாடும் அதே லாரியில் பொட்டலமாக வருகிறது. பன்னிரண்டு மணிக்குத் திறந்தால் சாம்பாருக்கும் ரசத்துக்கும் சண்டை நடந்து முடிந்திருக்கிறது. யார் ஜெயித்தது என்று வாயில் வைத்தாலும் தெரியாது.

வேலை தொடங்குவதற்கு முன் தினமும் டூல்பாக்ஸ் மீட்டிங். நூற்றிருபது பேரும் வரிசையில் நிற்க வேண்டும். சேஃப்டி ஆபீசர் தினகரன் சார் மைக்கில் பேசுவார். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஊர் வழக்கப்படி பேச்சு முடிவில் ஒரு 'லா' போடுவார். இப்படி ஏறாதே, அப்படி இறங்காதே, தண்ணீர் குடி. கடைசியில், "யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்பார். யாரும் எதுவும் சொன்னது கிடையாதாம். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் மைக்கை அணைத்துவிடுகிறார்.

நான் சாரம் கட்டுகிற கூட்டத்தில் இருக்கிறேன். எங்களுக்கு மஞ்சள் தொப்பி. எங்கள் சூப்பர்வைசர் அடைக்கலம் அண்ணனுக்கு நீலத் தொப்பி. புதுக்கோட்டைப் பக்கம், ஆலங்குடி. நாற்பது வயதிருக்கும். இங்கே ஒன்பது வருடம். காலையில் ஒவ்வொரு சாரமாக ஏறி, குழாயை ஆட்டி, பலகையை மிதித்துப் பார்த்து, ஏணியடியில் தொங்கும் பச்சை அட்டையில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாத சாரத்தில் எவனும் கால் வைக்கக் கூடாது.

"ஏண்ணே, தெனம் பாக்கணுமா? நேத்து கட்டுனதுதானே?" என்று கேட்டேன்.

"அப்பு, நான் கையெழுத்துப் போட்டா அதுல ஏறுறவன் உசுரு என் கையில இருக்குன்னு அர்த்தம். ஒன்பது வருசத்துல என் சாரத்துலேருந்து ஒரு பய விழுந்ததில்ல. நீயும் விழுந்துறாத, மானம் போயிரும்" என்றார்.

ஜனவரி 22, ஞாயிறு

சீனப் புத்தாண்டு. இரண்டு நாள் லீவு. விடுதிக்குப் பின்னால் மைதானம் இருக்கிறது. இருப்பது தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தமிழ் டீமும் பங்களா டீமும் ஆடினார்கள். நம்மாட்கள் கோலில் அடைக்கலம் அண்ணன். தொப்பையோடு எப்படிப் பாய்கிறார் மனுஷன்! ஆனால் முன்னால் ஆடுகிறவர்கள் எல்லாரும் மாடு மேய்க்கிறார்கள். 1–4.

நான் தொடவில்லை. கோட்டுக்கு வெளியே வந்த பந்தை ஒருமுறை கையால் எடுத்துப் போட்டேன். கையால் எடுத்தால் கணக்கில் வராது.

ஜனவரி 29, ஞாயிறு

தமிழ் 3, பங்களா 2. நான் 2.

அம்மா, ஒன்றும் சொல்லாதே. இடதுபக்கம் ஆள் இல்லை என்று அடைக்கலம் அண்ணன் கூப்பிட்டார். சூப்பர்வைசர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

முடிந்ததும் முதுகில் ஒரு அறை வைத்தார். "எங்கடா ஒளிஞ்சிருந்த இத்தன நாளா? எடது காலு என்னமாப் பேசுது!" பிறகு தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார்: "வந்தன்னிக்கு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குனாய்ங்கல்ல, படிச்சியா? வெளையாடி அடிபட்டா நம்ம கம்பெனி பாக்காது. டிக்கெட்டப் போட்டு ஏத்தி விட்டுருவாய்ங்க. அதுனால முட்டி மோதாம ஆடு. உன் காலு பந்துக்கும் வேணும், சாரத்துக்கும் வேணும்."

இரண்டாவது கோல் அறுபது அடியிலிருந்து. சிங்கப்பூர் வந்து இன்றைக்குத்தான் ஆள் மாதிரி இருக்கிறேன்.

பிப்ரவரி 5, ஞாயிறு

4–1. நான் 1. இன்னொன்று கம்பத்தில் பட்டது. கம்பத்தின் மீது கேஸ் போட வேண்டும்.

பிப்ரவரி 12, ஞாயிறு

2–2. நான் 1. ஆட்டம் முடிந்து அடைக்கலம் அண்ணன் அறையில் சாப்பாடு. அவர் வைக்கிற மத்தி மீன் குழம்புக்காகவே ஒரு ஆள் விசா எடுத்து வரலாம். வீடியோ காலில் அவர் பிள்ளைகளைக் காட்டினார். மூத்தது பன்னிரண்டாம் வகுப்பு. சின்னது மகிழினி, இரண்டாம் வகுப்பு. "நீங்கதான் கோல் போடுற மாமாவா?" என்று கேட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பிப்ரவரி 19, ஞாயிறு

5–0. நான் 3! மூன்று!

பிப்ரவரி 26, ஞாயிறு

மழை. ஆட்டம் நடக்கவில்லை.

பிப்ரவரி 27, திங்கள்

இன்று காலை எட்டு மணி அளவில் சைட்டில் மூன்றாம் எண் சாரத்தின் இரண்டாவது தட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது பலகை நகர்ந்து தவறிக் கீழே விழுந்தேன். இடது முட்டியில் அடிபட்டது. நடந்தது இவ்வளவுதான்.

பிப்ரவரி 28, செவ்வாய்

மேலே இருக்கிற இரண்டும் பொய்.

எவனாவது நோட்டை எடுத்துப் பார்த்துவிடுவானோ என்று அப்படி எழுதினேன். எழுதிப் பார்த்தால் கேட்கிறபோது வாயில் தடுமாறாமல் வரும் என்றும் எழுதினேன். வருகிறது. தடுமாறாமல் வருகிறது. ஆனால் எட்டு நோட்டில் ஒரு கோல்கூடக் கூட்டி எழுதியதில்லை. அது உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை மழையே இல்லை. முப்பதாவது நிமிடம். ஒருவனும் என்னை இடிக்கவில்லை. பந்தை வாங்கித் திரும்பினேன். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. முட்டிக்குள் டப்பென்று ஒரு சத்தம். அது எனக்கு மட்டும் கேட்டது என்று நினைத்தேன். கோலில் நின்ற அடைக்கலம் அண்ணன் அங்கிருந்தே ஓடி வந்தார்.

துணி போட்டு இறுக்கக் கட்டிவிட்டார். "நாளைக்கு லாரியில ஏறிரு. நான் ஏத்தி விடுறேன். சைட்டுக்குப் போயி, கேட்டுப் பக்கத்துல மண்ணுமேடு கெடக்குல்ல, அதுல வழுக்கிட்டேன்னு உக்காந்துக்க. வேலையில பட்ட அடின்னாக் கம்பெனி பாக்கும். மண்ணுன்னு மட்டும் சொல்லு அப்பு. மண்ணுக்கு யாரும் கையெழுத்துப் போடல." இந்த மாதிரி இங்கே பல பேர் செய்திருக்கிறார்களாம்.

திங்கட்கிழமை போனால் மண்மேட்டைக் காணோம். காலையிலேயே மண்ணள்ளும் வண்டி வழித்துக்கொண்டு போய்விட்டது. சிமென்ட் தரை, பளிங்கு மாதிரி. நின்றுகொண்டே இருக்க முடியவில்லை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் பக்கத்திலிருந்த சாரத்தின் அடியில் உட்கார்ந்து கத்திவிட்டேன். தினகரன் சார் ஓடிவந்தார்.

"எங்க விழுந்தே?"

"நடந்து வந்தேன் சார், கால் மடங்கிருச்சு."

"சமமா இருக்கிற தரையில நடந்து வந்து முட்டி இவ்ளோ பெரிசா வீங்குமா லா? உண்மையச் சொல்லு. எங்கேருந்து விழுந்தே?"

என் விரல் மேலே போய்விட்டது. நான் தூக்கவில்லை, அதுவாகப் போனது. இரண்டாவது தட்டைக் காட்டியது. அதற்கப்புறம் வாய் விரலுக்குப் பின்னால் போக வேண்டியதாகிவிட்டது. பலகை நகர்ந்தது என்றேன்.

தினகரன் சார் ஏணியடியில் தொங்கிய பச்சை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அன்று காலை ஏழு மணிக்குப் போட்ட கையெழுத்து. அடைக்கலம்.

அட்டையை அவிழ்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார். சிவப்பு அட்டை மாட்டினார். அடைக்கலம் அண்ணன் பத்தடி தள்ளி நின்றார். என்னைப் பார்த்தார். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்துகொண்டேன். நிஜமாகவே வலித்தது.

மார்ச் 2, வியாழன்

ஆஸ்பத்திரி. ஸ்கேன். ஏ.சி.எல்., முட்டிக்குள்ளே எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிற நார், முழுதாக அறுந்திருக்கிறது. அந்த மூன்றெழுத்து எந்தப் பந்தாட்டக்காரனுக்கும் விளக்கத் தேவையில்லை. தமிழ் பேசுகிற நர்ஸ் ஒருவர் டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னார். ஆபரேஷன் செய்தால் ஒன்பது மாதத்தில் ஓடலாம். செய்யாவிட்டால் நடக்கலாம். அவ்வளவுதான். ஏணி ஏறுவது, திரும்புவது, குதிப்பது எல்லாம் மறந்துவிட வேண்டும்.

மார்ச் 16 என்று தேதி கொடுத்தார்கள். வேலையில் நடந்த விபத்து என்பதால் கம்பெனி கடிதம் கொடுத்துவிட்டது.

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. வரும் வழியெல்லாம் அழுகை வந்தது. வலி மாத்திரை அப்படிச் செய்யுமாம்.

மார்ச் 4, சனி

பதினாறாம் தேதி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் கால் மிச்சம். இதைத் தவிர வேறெதையும் யோசிக்கக் கூடாது.

சாயங்காலம் அடைக்கலம் அண்ணன் பார்க்க வந்தார். அப்போது பார்த்து நல்ல தூக்கம் வந்துவிட்டது. ஊன்றுகட்டையோடு ஏற முடியாது என்று எனக்குக் கீழ்க்கட்டில் கொடுத்திருக்கிறார்கள். அதன் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். போர்வைக்கு வெளியே கிடந்த காலுக்குக் கீழே ஒரு தலையணையை மடித்து வைத்தார். போய்விட்டார். எழுந்து பார்த்தால் ஒரு டப்பாவில் மீன் குழம்பு.

சாப்பிட்டேன். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். நான் எப்பேர்ப்பட்ட பயல் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மார்ச் 5, ஞாயிறு

ஜன்னல் வழியாக மைதானம் தெரிகிறது. பேப்பரை ஒட்டி மறைத்துவிட்டேன். சத்தத்தை எதைக் கொண்டு மறைப்பது? தமிழ் டீம் கோலில் வேறு எவனோ நிற்கிறானாம். இரண்டு ஆட்டத்தில் வாங்க வேண்டியதை ஒரே ஆட்டத்தில் வாங்கினான்.

அம்மா கூப்பிட்டாள். "என்னடா கொரலு ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். சளி என்றேன். "பந்து கிந்து ஆடலல்ல?" இல்லை என்றேன். இது உண்மைதானே, இப்போது ஆடவில்லை.

மார்ச் 7, செவ்வாய்

அடைக்கலம் அண்ணன் நம்பரிலிருந்து மூன்று மிஸ்டு கால். போனில் சார்ஜ் இல்லை.

மார்ச் 8, புதன்

இரண்டு மிஸ்டு கால். குளித்துக்கொண்டிருந்தேன்.

அவர் உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இருபது பேர் பார்த்தார்கள். ஏன் சொல்லாமல் இருக்கிறார்? சொல்லித் தொலைக்கட்டுமே! அவர் சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டிய வேலை இல்லை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறார்? பாவிமனுஷன், என்னைக் கொல்லாமல் கொல்கிறார்.

மார்ச் 9, வியாழன்

லைட் டூட்டி என்று சைட்டுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஸ்டோரில் உட்கார்ந்து கையுறைகளை வலது இடது பார்த்து ஜோடி சேர்க்கிறேன். எல்லாக் கையுறையும் இரண்டு கைக்கும் பொருந்துகிற மாதிரிதான் இருக்கிறது. சும்மா உட்கார வைக்கக் கூடாது என்று ஒரு வேலை.

ஸ்டோர் கதவு வழியாக அடைக்கலம் அண்ணன் தினகரன் சார் ஆபீசுக்குள் போவது தெரிந்தது. ஒரு மணி நேரம் இருந்தார். வெளியே வந்து ஸ்டோர் பக்கம் நடந்து வந்தார். நான் கழிப்பறைக்குப் போய்விட்டேன். ஊன்றுகட்டையோடு அவ்வளவு வேகமாகப் போக முடியும் என்று தெரியாது.

மார்ச் 11, சனி

இன்றும் ஆபீசுக்குள் போனார். ஏதோ பேப்பரில் கையெழுத்துப் போட்டாராம். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது கேட்பதைவிட பயமாக இருக்கிறது.

மார்ச் 12, ஞாயிறு

அறையில் சுதர்சன் ஒருவன் இருக்கிறான். விடுதியில் எந்த மாடியில் தும்மினாலும் முதலில் அவனுக்குத் தெரியும். சாப்பிடும்போது சொன்னான்: "அடைக்கலத்துக்குக் கேன்சல் அடிச்சாச்சாம்டா. பெர்மிட்டு முடிஞ்சுது. இந்த வாரம் ஏத்தி விடுறாங்களாம். ஒன்பது வருசம். இவன் விழுந்ததுக்கு அந்தாளு ஊருக்குப் போறாரு." என்னைப் பார்த்து, "உன்னச் சொல்லல மாப்ள, நீ என்ன பண்ணுவ" என்றான்.

தட்டைத் தள்ளி வைத்தேன். இரண்டு பிள்ளைகள். ஒன்று பன்னிரண்டாம் வகுப்பு. பதினாறாம் தேதிக்கு இன்னும் நான்கு நாள்தான். ஆபரேஷன் முடிந்த மறுநாளே போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிஜமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்குள் அவரை ஏற்றிவிட்டால்? போன பிறகு சொல்லி யாருக்கு என்ன லாபம்?

மேலே நான்காவது மாடியில்தான் இருக்கிறார். லிப்ட் இருக்கிறது. போய்க் கேட்டிருக்கலாம். முகத்தைப் பார்க்க முடியாது. அவர் முகத்தை மட்டும் என்னால் பார்க்க முடியாது.

மார்ச் 13, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை டூல்பாக்ஸ் மீட்டிங். லைட் டூட்டி ஆள் நிற்க வேண்டியதில்லை, முன்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து சீன மேனேஜர் வந்து தினகரன் சார் பக்கத்தில் நின்றார். வரிசையைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் அடைக்கலம் அண்ணன். தலையில் மஞ்சள் தொப்பி.

நீலத்தைப் பிடுங்கிவிட்டார்கள். சுதர்சன் சொன்னது சரிதான், இனி ஏற்றிவிட வேண்டியது மட்டும் பாக்கி என்று நினைத்தேன். காதுக்குள் கொய்யென்று இரைந்தது. தினகரன் சார் என்ன பேசினார் என்றே கேட்கவில்லை. கடைசியில் அதே கேள்வி. "யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?"

"சொல்லணும் சார்" என்று எழுந்துவிட்டேன்.

நூற்றிருபது தலை திரும்பியது. "நான் சாரத்துலேருந்து விழல. ஞாயித்துக்கெழம பந்து வெளையாடுனப்ப அடிபட்டது. பொய் சொல்லிட்டேன். அடைக்கலம் அண்ணன் சாரத்துல ஒரு குத்தமும் இல்ல."

தினகரன் சார் முகம் வெளுத்துப்போனது. மேனேஜர், என்ன சொல்கிறான் என்று அவரிடம் கேட்டார். தினகரன் சார் என்னையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு மேனேஜரிடம் திரும்பி, கம்பெனி இவன் காலை நன்றாகப் பார்த்துக்கொள்கிறது என்று நன்றி சொல்கிறான் என இங்கிலீஷில் சொன்னார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும்.

மனுஷன் மறைக்கிறார், அநியாயம் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. "நோ சார்! நோ தேங்க்யூ! மை லெக், புட்பால்! சண்டே புட்பால்! நோ சாரம்! அடைக்கலம் நோ மிஸ்டேக்! மீ லை!" என்று கத்தினேன்.

மேனேஜருக்குப் புரிந்துவிட்டது.

வரிசைக்குள்ளிருந்து அடைக்கலம் அண்ணன் குரல் கேட்டது. "அய்யோ, கெடுத்தானே!"

அரை மணி கழித்து ஆபீசில் தினகரன் சார் கதவைச் சாத்தினார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"உன் முட்டியப் பார்த்த அன்னைக்கே எனக்குத் தெரியும்டா. அரை மணிக்கு முன்னால விழுந்தவன் முட்டி அப்படியா இருக்கும்? கட்டு வேற கட்டி இருந்தே. பன்னெண்டு வருஷமா இந்த வேலை பாக்குறேன். அடைக்கலம் வந்து என் கால்ல விழாத குறை. 'பலக கட்டாம விட்டது என் தப்புன்னு எழுதிக்கிறேன் சார், பயலுக்கு ஆபரேஷன் மட்டும் நடந்துறட்டும்'னு. எழுதி வாங்குனேன். ஒரு வார்னிங் லெட்டர், ஆறு மாசம் மஞ்சத் தொப்பி, அவ்ளோதான். அவன் போறதா எவன் சொன்னது? எல்லாம் முடிஞ்சு இன்னைக்கு மேனேஜர் ஃபைல்ல கையெழுத்துப் போட வந்தாரு. நீ எந்திரிச்சு நின்னுட்டே."

"எனக்குத் தெரியாது சார்."

"சொல்லத்தானே அவன் ஒரு வாரமா உன்னத் தேடுனான்?"

பொய்யாக வாக்குமூலம் கொடுத்ததற்காக அவருக்கு. பொய்யாக விபத்துச் சொன்னதற்காக எனக்கு. இரண்டு பெர்மிட்டும் கேன்சல். தினகரன் சாருக்கு மேலிடத்திலிருந்து என்ன வருமோ, அவருக்கே தெரியாது. ஆபரேஷன் தேதியை அவரே போன் செய்து ரத்து செய்தார். பேசும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 14, செவ்வாய்

நான்காவது மாடிக்குப் போனேன். லிப்டில் போனால் அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நான் கதவில் நின்றேன். திரும்பாமலே, "உள்ள வா, காலத் தொங்க விடாத, கட்டில்ல நீட்டு" என்றார். நீட்டினேன். ஒரு சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு வெடித்துவிட்டார்.

"உன்ன யாருடா உண்மையச் சொல்லச் சொன்னா? பெரிய அரிச்சந்திரன்! ஒரு வார்த்த என்னக் கேட்டியா? பொய் சொன்னப்பயும் கேக்கல, உண்மையச் சொன்னப்பயும் கேக்கல. போன் அடிச்சா எடுக்க மாட்ட. வந்தா தூங்குற. தூங்குறவன் கண்ணு அப்படியாடா துடிக்கும்? பதினஞ்சு நாளு என் மூஞ்சியப் பாக்காம ஒளிஞ்சியே, நான் உன்ன அடிச்சிருவேன்னா?"

"பாக்க முடியலண்ணே."

"நீ சாரத்தக் கை காட்டுனதுகூட எனக்கு வலிக்கலடா. பயத்துல காட்டிட்ட. சின்னப் பய. நீ என்னப் பாத்து ஓடுனதுதான்." சொல்லிவிட்டுச் சட்டையைப் பெட்டிக்குள் எறிந்தார்.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். அழுதேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. நான் அழுது முடிக்கிற வரை பெட்டியைக் கட்டினார்.

மார்ச் 16, வியாழன்

இன்று ஆபரேஷன் நடந்திருக்க வேண்டிய நாள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 18, சனி

நேற்றுத் திருச்சியில் இறங்கினோம். ஒரே விமானம். அவர் சீட்டு எங்கோ பின்னால். எனக்குச் சக்கர நாற்காலி கொடுத்திருந்தார்கள். தள்ளுகிற ஆள் வருவதற்குள் அடைக்கலம் அண்ணன் வந்து பிடியைப் பிடித்துக்கொண்டார். பெட்டி வருகிற இடம்வரை, பெட்டி வந்து வெளியே போகிறவரை அவரே தள்ளினார்.

என்னை அழைத்துப் போக யாரும் வரவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு வீட்டம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வாடகைக் கார் எடுத்து வந்திருந்தார்கள். சின்னது, மகிழினி, கம்பிக்குக் கீழே குனிந்து ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அந்த அம்மா அழுத கண்ணோடு நின்றார், விஷயம் தெரிந்திருக்கிறது. பெரிய பெண் என் காலைப் பார்த்தது, அப்பா முகத்தைப் பார்த்தது. சின்னதுக்கு யாரும் சொல்லவில்லை போல.

"அப்பா, எத்தன நாளு லீவு?"

"இந்தத் தடவ நெறைய நாளுடா."

"நெறையன்னா? போன தடவ இருவது நாளுதான் இருந்த. அதவிட நெறையவா?"

"அதவிட நெறைய."

கைதட்டிக்கொண்டு குதித்தது. ஏர்போர்ட்டே திரும்பிப் பார்த்தது. நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன். "மூடிக்கிட்டு ஏறு. புதுக்கோட்டையில எறக்கி விடுறேன், அங்கேருந்து பட்டுக்கோட்ட பஸ்ஸப் புடி" என்றார். மூன்று நாளில் அவர் என்னிடம் பேசியது இவ்வளவுதான்.

பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம். மகிழினிக்கு இடமில்லை. என் வலது காலின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அப்பா இருக்கப்போகிற நாட்களை விரலில் எண்ண ஆரம்பித்தது. நாளைக்குக் கறி, மறுநாள் தியேட்டர், அப்புறம் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுவது, கூட்டி வருவது, மறுபடியும் கொண்டு விடுவது. கீரனூர் தாண்டும்போது பத்து விரலும் தீர்ந்துவிட்டது.

"மாமா, உன் கையக் குடு" என்றது.

முன்சீட்டில் அவர் திரும்பவில்லை. கொடுத்தேன்.